சைட் ஹேக் ஆயிடுச்சு, கூகுள் சிவப்பு போர்டு மாட்டிடுச்சு: ராமநாதபுரம் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமேஸ்வரம் லாட்ஜுகள், மண்டபம் கருவாட்டு வியாபாரிகள், சாயல்குடி கருப்பட்டிக் கடைகள், தேவிபட்டினம் நவபாஷாணத்துக்கு வேன் ஓட்டுகிறவர்கள் என்று இந்தக் கரையோரத்துக்கு சைட் செய்து கொடுத்துப் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. கீழே உள்ள கேள்விகள் எல்லாம் போனில் வந்தவை. பாதிக்கு மேல் ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் முந்தின வாரத்தில் வந்தவை. கூட்டம் வரும் நேரத்தில்தான் ஆட்கள் தங்கள் சைட்டைத் தாங்களே திறந்து பார்க்கிறார்கள். இங்கே நூற்றுக்குத் தொண்ணூறு சைட் வேர்ட்பிரஸ் என்ற சைட் கட்டும் மென்பொருளில் ஓடுவதால் பதில்களும் அதை ஒட்டியே இருக்கும்.

லாட்ஜ் சைட்டைத் திறந்தா முழுத்திரையும் சிவப்பா வருது. சைட்டே போயிடுச்சா தம்பி?

போகவில்லை. சைட் அதே இடத்தில்தான் இருக்கிறது, வாசலில் கூகுள் ஆள் நிறுத்தியிருக்கிறது. சேஃப் பிரவுசிங் என்று ஒரு பட்டியலை கூகுள் வைத்திருக்கிறது. வைரஸ் இறக்கும் பக்கம், பாஸ்வேர்டு பிடுங்கும் பக்கம் என்று அது கண்டுபிடித்த முகவரிகள் அதில் ஏறும். குரோம் மட்டுமல்ல, ஃபயர்ஃபாக்ஸும் ஆப்பிள் போனில் உள்ள சஃபாரியும் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் தடுக்கின்றன. அதனால் "வேற பிரவுசர்ல பாருங்க சார்" என்று வாடிக்கையாளரிடம் சொல்லிப் பயனில்லை. சொல்லவும் கூடாது, உள்ளே உண்மையிலேயே வைரஸ் இருக்கலாம்.

சிவப்புத் திரை வேறு, தேடல் முடிவில் உங்கள் பெயருக்குக் கீழே 'இந்தத் தளம் ஹேக் செய்யப்பட்டிருக்கலாம்' என்று வரும் வரி வேறு, ஆண்டிவைரஸ் கம்பெனிகள் தங்கள் பங்குக்குப் போடும் தடை வேறு. மூன்றும் தனித்தனிக் கதவுகள். ஒன்று திறந்தால் மற்றது தானாகத் திறக்காது.

எனக்கு நல்லாத்தான் திறக்குது. ஆனா ரூம் கேட்டு போன் பண்றவங்க, "ஏதோ சீட்டாட்ட சைட்டுக்குப் போகுது"ங்கறாங்க. பொய் சொல்றாங்களா?

இல்லை, அவர்கள் சொல்வதுதான் சரி. உள்ளே நுழைந்த கோடு (திருடன் செருகிய புரோகிராம் வரிகள்) ஆள் பார்த்து வேலை செய்கிறது. நீங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் முகவரியை நேரே அடித்து வருகிறீர்கள், அதிலும் அட்மினாக லாகின் செய்திருக்கிறீர்கள். உங்களுக்கு அது முகத்தைக் காட்டாது. மதுரையில் பஸ் ஏறிய யாத்ரீகர் போனில், கூகுளில் தேடி, முதல்முறையாக வருகிறார். அவரைத்தான் திருப்பிவிடும். அவரே இரண்டாம் முறை வந்தால் ஒழுங்காகத் திறக்கும், அவருக்கே சந்தேகம் வந்துவிடும்.

சோதிக்க: போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில், இன்காக்னிட்டோ டேப் திறந்து, கூகுளில் லாட்ஜ் பெயரைத் தேடி, வரும் முடிவைத் தொடுங்கள். இப்படிப் பார்க்காமல் "சைட் நல்லா இருக்கு" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், நான் சொன்னாலும்.

கூகுள்ல எங்க கருவாட்டுக் கடையைத் தேடினா ஜப்பான் எழுத்துல கைப்பை, கடிகாரம்னு வருது. இது என்ன கூத்து?

இதற்குப் பெயரே ஜப்பானிய கீவேர்டு ஹேக். உங்கள் சைட்டுக்குள் ஆயிரக்கணக்கில் பொய்ப் பக்கங்களை உருவாக்கி, உங்கள் டொமைனுக்கு (சைட்டின் பெயர் முகவரிக்கு) கூகுளிடம் உள்ள நல்ல பெயரில் தங்கள் போலிச் சரக்கை விற்கிறார்கள். இதற்கு அண்ணன் தம்பிகள் உண்டு: மருந்து மாத்திரை விளம்பரமாக வருவது ஒன்று, அர்த்தமில்லாத சொற்குவியலாக வருவது இன்னொன்று.

எத்தனை பக்கம் ஏறியிருக்கிறது என்று பார்க்க, கூகுள் தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் 'சைட்' என்ற சொல்லும், ஒட்டி ஒரு முக்காற்புள்ளியும், ஒட்டியே உங்கள் டொமைன் பெயரும் அடியுங்கள். மொத்தம் 12 பக்கம் உள்ள கடைக்கு ஆயிரக்கணக்கில் முடிவு வந்தால் சங்கதி புரிந்துவிடும். அந்தப் பொய்ப் பக்கத்தை நீங்கள் திறந்தால் 'பக்கம் இல்லை' என்று வரலாம். அதுவும் நடிப்பு, கூகுளின் ரோபோ வந்தால் மட்டும் பக்கம் இருக்கும். சைட் உரிமையாளருக்கு கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் உள்ள யூஆர்எல் இன்ஸ்பெக்ஷனில் அந்த முகவரியைக் கொடுத்தால் ரோபோ கண்டதை நீங்களும் காணலாம்.

நாங்க சின்ன ஆளுங்க. எங்க சைட்டை ஹேக் பண்ணி அவங்களுக்கு என்ன கிடைக்கப்போகுது?

உங்களைத் தேடி யாரும் வரவில்லை. வலை விரிக்கிறவன் எந்த மீன் என்று பெயர் சொல்லி விரிப்பதில்லையே. ஒரு பிளகினில் (சைட்டில் கூடுதல் வசதிக்குச் சேர்க்கும் துணை மென்பொருள்) ஓட்டை என்று தெரிந்ததும், அந்தப் பிளகின் உள்ள சைட்டையெல்லாம் புரோகிராம் ஒன்று தானாகத் தேடித் தட்டிப் பார்க்கும். 2014 டிசம்பரில் ஸ்லைடர் பிளகின் ஒன்றின் ஓட்டை வழியே சோக்சோக் என்ற வைரஸ் பரவியபோது, 11,000க்கும் மேற்பட்ட டொமைன்களை கூகுள் தடைப்பட்டியலில் ஏற்றியது. 2020 செப்டம்பரில் ஃபைல் மேனேஜர் என்ற பிளகினில் ஓட்டை வெளிப்பட்டபோது அது 7 லட்சத்துக்கும் மேற்பட்ட சைட்டுகளில் இருந்தது. அந்தக் கூட்டத்தில் கருவாட்டுக் கடை எது, பேங்க் எது என்று புரோகிராமுக்கு என்ன கவலை?

சரி, இப்ப உடனே என்ன செய்யணும்?

முதலில் எதையும் அழிக்காதீர்கள். பதற்றத்தில் ஃபைல்களை அழித்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். அப்புறம் எப்படி நுழைந்தான் என்று பார்க்கத் தடயமே இருக்காது. சைட்டையும் டேட்டாபேஸையும் கெட்டுப்போன நிலையிலேயே ஒரு காப்பி எடுத்து, 'கெட்டது' என்று பெயர் போட்டு வையுங்கள். ஹோஸ்டிங்கில் (சைட்டை வைத்திருக்கும் வாடகை சர்வரில்) உள்ள அக்சஸ் லாகையும், அதாவது யார் எப்போது வந்தார்கள் என்ற பதிவையும், இறக்கிக்கொள்ளுங்கள். பல இடங்களில் சில நாள் லாக்தான் இருக்கும், பிறகு தானாக அழிந்துவிடும்.

அடுத்து, சைட்டை மூடுங்கள். மூடும்போது 503 என்ற பதிலைக் கொடுக்கும்படி ஹோஸ்டிங் ஆளிடம் சொல்லுங்கள். 'தற்காலிகமாக மூடியிருக்கிறது' என்று கூகுளுக்கு அது சொல்லும்.

அமாவாசை சமயமாக இருந்தால் இன்னொன்று. கூகுள் மேப்பில் உங்கள் லாட்ஜ் பக்கத்தில் உள்ள சைட் லிங்கை எடுத்துவிட்டு, போன் நம்பர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அக்னி தீர்த்தத்தில் நின்றுகொண்டு ரூம் தேடுகிறவர் பெரும்பாலும் மேப்பில்தான் தேடுகிறார். ஒரு ஆடி அமாவாசைக்கு ஒரு லாட்ஜ் நான்கு நாள் சைட்டே இல்லாமல் போனை வைத்தே ரூம் முழுவதையும் நிரப்பியது. "சைட்டு எதுக்கு தம்பி?" என்று அந்த அண்ணன் என்னைக் கேட்டது தனிக்கதை.

போன மாச பேக்கப் இருக்கு. அதைப் போட்டா போதும்ல?

பெரும்பாலும் போதாது. சிவப்புத் திரை இன்று வந்தது என்பதால் திருடன் இன்றுதான் வந்தான் என்று அர்த்தமில்லை. நுழைந்து மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டு வேலையைத் தொடங்குவார்கள். போன மாசப் பேக்கப்பிலும் அவன் இருப்பான். இல்லாவிட்டாலும், அவன் வந்த ஓட்டை அந்தப் பேக்கப்பில் அப்படியே இருக்கும். வள்ளத்தில் ஓட்டையை அடைக்காமல் தண்ணீரை மட்டும் இறைத்தால் என்ன ஆகும் என்று பாம்பன்காரருக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

சுத்தம் பண்றது எப்படி? நானே செய்யலாமா?

ஹோஸ்டிங் பேனலில் ஃபைல் பார்க்கத் தெரிந்தால் செய்யலாம். பொறுமைதான் வேண்டும்.

வேர்ட்பிரஸின் சொந்த ஃபைல்களில் கிருமி தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். அட்மின், இன்க்ளூட்ஸ் ஆகிய இரண்டு ஃபோல்டர்களையும் முழுதாக அழித்துவிட்டு, வேர்ட்பிரஸ் தளத்திலிருந்து புதிதாக இறக்கிப் போடுங்கள். பிளகின்களும் தீமும் (சைட்டின் தோற்றத்தைத் தரும் ஃபைல்கள்) அப்படியே: பெயரைக் குறித்துக்கொண்டு, அழித்து, மூல இடத்திலிருந்து புதிதாகப் போடுங்கள். யாரோ பென்டிரைவில் கொடுத்த 'பிரீமியம்' தீம் என்றால் திரும்பப் போடவே வேண்டாம். காசு கொடுத்து வாங்கவேண்டியது இலவசமாகக் கிடைத்தால் கூடவே கதவும் கிடைக்கும். நான் சுத்தம் செய்தவற்றில் இது எத்தனை என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

மிச்சம் கண்ணால் பார்க்கவேண்டிய இடங்கள் சில உண்டு. கான்ஃபிக் ஃபைலில் (சைட்டின் அமைப்பு விவரங்கள் உள்ள ஃபைல்) முதல் வரிகளைப் பாருங்கள். வலப்பக்கம் வெகுதூரம் வெற்றிடம் விட்டு, திரைக்கு வெளியே கோடை ஒளித்து வைப்பது பழைய தந்திரம். எச்டிஅக்சஸ் ஃபைல் (சர்வருக்கு உத்தரவு சொல்லும் ஃபைல்) ஒவ்வொரு ஃபோல்டரிலும் முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். மஸ்ட்-யூஸ் பிளகின் ஃபோல்டர் என்று ஒன்று உண்டு. அதில் கிடப்பது வழக்கமான பிளகின் பட்டியலில் தெரியாது, தனி டேபில்தான் தெரியும்.

அப்லோட்ஸ் ஃபோல்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அங்கே படம் இருக்கும், பிடிஎஃப் இருக்கும். பிஎச்பி ஃபைலுக்கு, அதாவது சர்வரில் ஓடும் புரோகிராமுக்கு, அங்கே பொதுவாக ஒரு வேலையும் இல்லை. மண்டபம் கடை ஒன்றில் நெத்திலி, வாளை, சீலா என்று கருவாட்டுப் படங்களாக இருந்த ஃபோல்டரில் 'நெத்திலி2' என்று ஒரு பிஎச்பி ஃபைல் இருந்தது. பக்கத்தில் இருந்த படத்தின் பெயரையே கடன் வாங்கியிருந்தது. திறந்தால் ஒரே வரி, ஆனால் பல்லாயிரம் எழுத்து. ஆரம்பத்தில் 'இவால்', அடுத்து 'பேஸ்64' என்ற இரண்டு சொற்கள் (மறைத்து எழுதிய கோடை விரித்து ஓட்டுபவை), அப்புறம் குப்பை எழுத்து. தேதியைப் பார்த்தால் பக்கத்தில் உள்ள படங்களின் அதே பழைய தேதி. ஃபைல் தேதியைப் பொய்யாக வைப்பது எளிது, அதனால் 'சமீபத்தில் மாறிய ஃபைல்' என்று மட்டும் தேடினால் இது மாட்டியிருக்காது. இந்தச் சொற்கள் உள்ள எல்லா ஃபைலும் திருடன் போட்டது என்றும் முடிவு கட்டாதீர்கள். நல்ல பிளகின்களும் சிலநேரம் அவற்றைப் பயன்படுத்தும்.

பிறகு டேட்டாபேஸ். பயனர் பட்டியலில் உங்களுக்குத் தெரியாத அட்மின் உண்டா? பதிவுகளுக்குள் ஸ்கிரிப்ட் துண்டு ஏதும் செருகியிருக்கிறதா? கிரான் என்கிற நேரம் வைத்த வேலைகளில் புதிது ஏதும் உண்டா? அழித்த ஃபைல் மறுநாள் காலையில் அதே இடத்தில் வந்து உட்கார்ந்தால் கிரானைத்தான் முதலில் சந்தேகப்படவேண்டும்.

கடைசியில் பாஸ்வேர்டு எல்லாம். ஹோஸ்டிங், எஃப்டிபி (ஃபைல் ஏற்றும் வழி), டேட்டாபேஸ், வேர்ட்பிரஸ், மெயில், ஒன்றையும் விடாமல். கான்ஃபிக் ஃபைலில் உள்ள சால்ட் சாவிகளையும் (லாகினைக் காக்கும் ரகசிய எழுத்துகள்) மாற்றினால்தான் ஏற்கெனவே லாகினில் உட்கார்ந்திருப்பவன் வெளியே தள்ளப்படுவான். இவ்வளவையும் வைரஸ் உள்ள டிடிபி சென்டர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து செய்தால், புதுப் பாஸ்வேர்டும் அன்றைக்கே அவன் கைக்குப் போய்ச் சேரும்.

எப்படி உள்ளே வந்தான்னு கண்டுபிடிச்சே ஆகணுமா?

ஆமாம். இந்தப் பக்கத்தில் ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். வழி தெரியாமல் செய்த சுத்தம் பத்து நாள் தாங்காது.

அந்த நெத்திலி கதையையே எடுத்துக்கொள்வோம். லாகில் அந்த ஃபைலின் பெயரைத் தேடினேன். முதல்முறை அது அழைக்கப்பட்டது இரவு 21:10க்கு. லாக் உலக நேரத்தில் இருந்தது; நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டினால் மறுநாள் விடியற்காலை 2:40. கடைக்காரர் அந்த நேரத்தில் படம் ஏற்ற வாய்ப்பில்லை. அதே ஐபி முகவரி அதற்கு இரண்டு நிமிடம் முன் எங்கே தட்டியது என்று மேலே போய்ப் பார்த்தால், பக்கத்து ஃபோல்டரில் இருந்த வேறொரு சைட். அந்தக் கடைக்கு சைட் செய்தவர் ஒரே ஹோஸ்டிங் கணக்கில் ஒன்பது பேரை வைத்திருந்தார். ஒருவர் கல்யாண மண்டபம். சைட்டைத் தொட்டே பல வருஷம் ஆகிறது, பிளகின் எல்லாம் பழசு. ஓட்டை அவர் வீட்டில், நாற்றம் இவர் கடையில். கருவாட்டு சைட்டை எத்தனை முறை கழுவினாலும் அது திரும்ப வந்துகொண்டேதான் இருந்திருக்கும்.

கூகுள்கிட்ட எப்படிக் கேட்கிறது? யாருக்கு போன் பண்ணணும்?

போன் இல்லை. சர்ச் கன்சோலில் உங்கள் சைட்டைச் சேர்த்து, உங்களுடையதுதான் என்று நிரூபித்தால், 'செக்யூரிட்டி இஷ்யூஸ்' என்ற இடத்தில் என்ன பிரச்சினை என்றும் சில மாதிரி முகவரிகளும் இருக்கும். மாதிரி என்றால் மாதிரிதான், முழுப்பட்டியல் அல்ல. அந்தச் சிலவற்றை மட்டும் சரிசெய்துவிட்டுக் கேட்காதீர்கள். கூகுள் ஆட்களே பார்த்துப் போட்ட தண்டனை தெரியும் 'மேனுவல் ஆக்ஷன்ஸ்' பக்கத்தையும் பார்த்துவிடுங்கள்.

அதே இடத்தில் பயனர் பட்டியலையும் பாருங்கள். திருடனே தன்னை ஓனராகச் சேர்த்து வைத்திருப்பதுண்டு. அவன் பெயரை நீக்கினால் மட்டும் போதாது, சர்வரில் அவன் போட்ட நிரூபண ஃபைலையும் அழிக்கவேண்டும். இல்லையென்றால் மறுபடி ஏறிக்கொள்வான்.

ரிவ்யூ கேட்கும் பெட்டியில் கெஞ்சி எழுதாதீர்கள். "நாங்கள் பரம்பரை வியாபாரிகள், தயவுசெய்து உதவவும்" என்று ஒருவர் ஒரு பக்கம் எழுதியிருந்தார். வேண்டியது இவ்வளவுதான்:

"பழைய கான்டாக்ட் ஃபார்ம் பிளகின் வழியே நுழைந்திருக்கிறார்கள். அந்தப் பிளகினை நீக்கிவிட்டோம். வேர்ட்பிரஸையும் மற்ற பிளகின்களையும் புதிதாக நிறுவினோம். அப்லோட்ஸ் ஃபோல்டரில் இருந்த 3 பிஎச்பி ஃபைல்களையும் தெரியாத 2 அட்மின்களையும் நீக்கினோம். எல்லாப் பாஸ்வேர்டுகளும் மாற்றப்பட்டன."

கேட்பதற்கு முன் 503ஐ எடுத்து சைட்டைத் திறந்துவிடுங்கள். பூட்டிய வீட்டை எப்படிச் சோதிப்பார்கள்?

எத்தனை நாள் ஆகும்?

பாஸ்வேர்டு பிடுங்கும் வகை என்றால் ஒரு நாள் அளவில், வைரஸ் என்றால் சில நாள், ஜப்பான் எழுத்து மாதிரி ஸ்பேம் என்றால் பல வாரம்கூட ஆகலாம். பதில் சர்ச் கன்சோலுக்கு வரும்.

பதில் வருவதற்குள் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். சுத்தம் என்று சொல்லித் தடையை எடுக்கவைத்து, மறுபடி மறுபடி அழுக்கோடு மாட்டினால் உங்களைத் 'தொடர் குற்றவாளி' வரிசையில் வைத்துவிடுவார்கள். அப்புறம் 30 நாள் ரிவ்யூ கேட்கவே முடியாது.

சிவப்புத் திரை போயிடுச்சு. ஆனா சில பேரு கம்ப்யூட்டர்ல ஆண்டிவைரஸ் இன்னும் தடுக்குது. மெயிலும் ஸ்பேமுக்குப் போகுது.

முன்னால் சொன்ன தனித்தனிக் கதவுகள். வைரஸ்டோட்டல் தளத்தில் உங்கள் முகவரியைக் கொடுத்தால் எந்தெந்தக் கம்பெனி இன்னும் தடுக்கிறது என்று ஒரே பட்டியலில் வரும். நார்ட்டன், மெக்காஃபி என்று ஒவ்வொன்றுக்கும் அவரவர் தளத்தில் 'மறுபடி பாருங்கள்' என்று கேட்கும் படிவம் உண்டு. எட்ஜ் பிரவுசருக்கும் பிங் தேடலுக்கும் மைக்ரோசாஃப்ட்டிடம். பிங்குக்கு பிங் வெப்மாஸ்டர் டூல்ஸ் இருக்கிறது.

மெயிலுக்கு, ஸ்பேம் அனுப்பும் சர்வர்களைப் பட்டியலிடும் ஸ்பேம்ஹாஸைப் பாருங்கள். உங்கள் சர்வரின் ஐபி அதில் இருந்தால், அது பலர் பகிர்ந்துகொள்ளும் ஐபியாக இருக்கும். அதை நீக்கக் கேட்கவேண்டியது ஹோஸ்டிங் கம்பெனி.

ஜப்பான் பக்கங்கள் இன்னும் கூகுள்ல தெரியுதே?

அழித்த பக்கங்கள் 404 அல்லது 410 ('பக்கம் இல்லை') என்று பதில் சொல்லட்டும். கூகுள் ஒவ்வொன்றாக வந்து பார்த்து எடுத்துவிடும். அவசரப்பட்டு எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பாதீர்கள். எங்கே வரக்கூடாது என்று ரோபோவுக்குச் சொல்லும் ரோபோஸ் ஃபைலில் தடுக்கவும் வேண்டாம். தடுத்தால் பக்கம் போய்விட்டது என்று கூகுளுக்கு எப்படித் தெரியும்? சர்ச் கன்சோலின் ரிமூவல்ஸ் கருவியில் கொடுத்தால் சுமார் ஆறு மாதம் மறைத்து வைக்கும், அந்த இடைவெளியில் உண்மையாகவே போய்விடும். திருடன் போட்ட சைட்மேப் (பக்கங்களின் பட்டியல்) சர்ச் கன்சோலில் இருந்தால் அதை நீக்குங்கள்.

போலீஸ்ல சொல்லணுமா?

வாடிக்கையாளர் யாராவது உங்கள் சைட் வழியே பணம் இழந்திருந்தால் நேரம் கடத்தாமல் அவரை 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். மற்றபடி தேசிய சைபர் கிரைம் போர்ட்டலில் புகார் பதியலாம். அனுமதியின்றி நுழைந்து கெடுப்பது 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43, 66 பிரிவுகளில் வருகிறது. நீங்கள் கம்பெனியாகப் பதிவு செய்திருந்தால் ஒன்று கூடுதல்: 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட உத்தரவுப்படி, சைட்டுக்குள் நுழைந்து கோடு செருகியது தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் என்ற மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரிவிக்கவேண்டும்.

ஒருத்தர் போன் பண்ணி, "கூகுள்ல ஆள் இருக்கு, பதினைஞ்சாயிரம் கொடுத்தா ஒரு மணி நேரத்துல எடுத்துடறேன்"ங்கறார்.

கொடுக்காதீர்கள்.

சைட் செஞ்சு கொடுத்த பையன் சென்னைக்குப் போயிட்டான், போன் எடுக்கமாட்டேங்கறான். டொமைனும் அவன் பேர்லதான் இருக்கு.

ஹேக்கைவிட இதுதான் பெரிய வியாதி. கீழக்கரையில் ஒரு காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) இரண்டு மாதம் இதற்காகவே அலைந்தார். சுத்தம் செய்ய அரை நாள், சாவி வாங்க அறுபது நாள். டொமைன் உங்கள் மெயிலில், உங்கள் போன் நம்பரில் இருந்தால் டிஎன்எஸ்ஸில் (டொமைனை சர்வரோடு இணைக்கும் பதிவேடு) ஒரு வரி சேர்த்தே சர்ச் கன்சோலில் உரிமையை நிரூபித்துவிடலாம், ஹோஸ்டிங் சாவிகூட வேண்டாம். இல்லையென்றால் பில், பேங்க் ரசீது, அவரோடு பேசிய வாட்ஸ்அப் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு டொமைன் பதிவு செய்த கம்பெனிக்கு எழுதுங்கள். பையனோடு சண்டை போடுவதை டொமைன் கைக்கு வந்தபிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

பேசாம வேற டொமைன் வாங்கிடலாமா?

ஓட்டையோடு உள்ள சைட்டை அப்படியே புது டொமைனுக்குத் தூக்கிப்போட்டால் புதுப் பெயரும் கெடும். பழைய பெயர்தான் விசிட்டிங் கார்டிலும், வேனின் பின்பக்கத்திலும், பத்து வருஷமாக வருகிற குஜராத் யாத்ரீகர் குழுவின் டைரியிலும் இருக்கிறது. தடை நீங்கும், நீங்கிய பின் கறை நிற்காது. நீங்கிய மறுநாள் காலையிலும், ஒரு வாரம் கழித்தும், ஒரு மாதம் கழித்தும் வைஃபையை அணைத்துவிட்டு, இன்காக்னிட்டோவில், கூகுளில் தேடி, உங்கள் பெயரைத் தொட்டுப் பாருங்கள்.